சாயத்துக்கு முன்னால்

பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியை முதலில் செல்களில் சேர்க்க வேண்டும். கழுவிவிட்டு, அதைப் பற்றிக்கொள்ளும் பச்சைச் சாயத்தைச் சேர்க்க வேண்டும். முதல் வேலை, ஒரு நாளும் லீவு போட்டறியாத, கூட வேலை பார்த்த அக்காவுடையது; சாயம் இவளுடையது. அக்கா மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததும், "ரெண்டையும் நீயே பாத்துக்கம்மா" என்றார் ஆய்வகத் தலைவர்.

ஒரு ஆள் போதாதென்று இன்றாவது அவருக்கு உறைக்கட்டும் என்று, இவள் முதல் வேலையைச் செய்யாமல் சாயத்தை மட்டும் சேர்த்துக் கழுவினாள். பற்ற ஏதுமில்லாத சாயம் தண்ணீரோடு போயிருக்க வேண்டும். நுண்ணோக்கியில் செல்களெல்லாம் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன.

எட்டிப் பார்த்த தலைவர், "ஒரு ஆளே போதும்னு சொன்னேன்ல?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அக்காவின் மேசையில், அப்போதுதான் கழற்றிய கையுறைகள் உள்ளே வியர்வையோடு கிடந்தன.

"ஏன்க்கா," என்றாள் இவள், காலி நாற்காலியைப் பார்த்து. "செத்ததுக்குக்கூட லீவு போட மாட்டீங்களா?"