மவுஸைப் பிடுங்கின மனுசன்

"அந்த மவுஸைக் கழட்டித் தாங்க."

நளீர் சேர் கையை நீட்டிக்கொண்டு நிண்டார். வேலைக்குப் புதுசா வந்த முஸ்பிறா கழட்டிக் குடுத்தா. அதைத் தன்ட மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரிப் போய் இருந்துட்டார் மனுசன்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

கல்முனை பஸார்ல, புடவைக் கடைக்கு மேல்மாடியில இரிக்கி எங்கட ஒபிஸ். கொழும்புக் கம்பனி ஒண்டுட இணையத்தளங்களைத் திருத்துறதுதான் எங்கட வேலை. அதுவும் விம் எண்ட ஒரு எடிட்டர்லதான் செய்யணும். விம் எண்டா ஊட்டுல சட்டி கழுவுறது எண்டுதான் நானும் முதல்ல நெனச்சன்.

இது வேற விம். வெறும் கறுப்புத் திரை. மெனு இல்ல, பட்டன் இல்ல, மவுஸுக்கு வேலையே இல்ல, எல்லாம் கீபோட்லதான். எழுதப் போனா அழிக்கும், அழிக்கப் போனா கத்தும். பழகினவங்க கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஒரு பக்கத்தையே மாத்திருவாங்க. பழகாதவங்களுக்கு உள்ளுக்குப் போகத் தெரியும், வெளியில வரத் தெரியாது.

முதல் நாள் முஸ்பிறாவும் அப்பிடித்தான் மாட்டிக்கொண்டா. என்னத்தை அமத்தியும் வெளியில வர ஏலாம, கடைசியில கொம்பியூட்டர்ட ஸ்விட்சையே நூத்துட்டா. ஒபிஸே சிரிச்சது.

"எஸ்கேப்பை அமத்து புள்ள," எண்டு நான் மெதுவாச் சொன்னன்.

"ஸகியா, உங்கட வேலையைப் பாருங்க." சேர்ட குரல்தான். "விம்முக்குள்ளயே பாடம் ஒண்டு இரிக்கி. படிச்சிட்டு வெளியில வரட்டும். ஆரும் சொல்லிக் குடுக்கப்படாது."

போன வருசம் வந்த றிம்சானுக்குப் பக்கத்துல கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொரு கட்டளையாப் படிப்பிச்ச மனுசன் இவர். பொம்புளப் புள்ள எண்டா மட்டும் இந்தச் சட்டமா?

தேத்தண்ணி குடிக்கக்க முஸ்பிறாட்ட வாய் விட்டே சொன்னன். "கல்முனைக்கு மாப்பிள்ளையா வந்தவர் புள்ள. பொண்டாட்டி ஊட்டுல பூனை, இங்க புலி. ஈவிரக்கமில்லாத ஆள்."

"அப்பிடிச் சொல்லாதீங்க ராத்தா." அவ தலையைக் குனிஞ்சுகொண்டு சிரிச்சா.

அக்கரைப்பற்றில இருந்து பஸ்ஸில வாற புள்ள. அவட வாப்பாக்கு நாரி வருத்தம், குனிஞ்சு நிமிர ஏலாது. அந்த வருத்தத்தோடயும், மகளுக்குச் சீதன ஊடு கட்டணும் எண்டு திரும்பவும் கட்டாருக்குப் போக நிக்கிறாராம்.

"இந்த வேலை நிரந்தரமாகினா அவரைப் போக உடமாட்டன் ராத்தா. என்ட ஊட்டை நானே கட்டுவன். கொழும்பால வைக்கிற சோதனையில கோட்டை விட்டா அவர் போயிருவார்."



அந்தப் புள்ள படிச்ச படிப்பிரிக்கே! சாப்பாட்டு நேரமும் திரைக்கு முன்னாலதான். பிழைச்சாலும் உடமாட்டா, திரும்ப முதல்ல இருந்து தொடங்குவா. போகப் போக விரல் தானா ஓடத் தொடங்கிச்சு.

சோதனை நாள் வந்திச்சு. கொழும்பில இருந்து கம்பனிட பெரியவர் ஜெஸீம் சேர் முஸ்பிறாட திரையைப் பார்த்துக்கொண்டு ஸ்பீக்கர்ல கதைச்சார். மீனவர்களுக்குக் காலநிலை சொல்ற தளத்துட நகல் ஒண்டு. அதுல 'கடலுக்குப் போகலாம்' எண்டு இரிக்கிறதை 'போக வேண்டாம்' எண்டு மாத்தணும்.

முஸ்பிறா தமிழ்ல மாத்தினா. எஸ்கேப்பை அமத்தினா. சேமிக்கிற கட்டளையை அடிச்சா. ஒண்டும் நடக்கல்ல. திரும்ப அடிச்சா. டொக் டொக் எண்டு கத்திச்சு.

அவட முகம் வெளிறிட்டு.

எனக்கு உடனே விளங்கிட்டு. கீபோட் இன்னும் தமிழ்லயே கிடக்கு. விம்முக்குக் கட்டளை இங்கிலீசிலதான் விளங்கும். இங்கிலீசு மட்டும் எழுதுறவங்களுக்கு இந்தக் கரைச்சல் வராது, எங்களுக்குத்தான் வரும்.

வாயைத் திறக்கப் போனன். நளீர் சேர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில அப்பிடியே மூடிட்டன். அவர் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்ன, ஏலாதா?" ஸ்பீக்கர்ல ஜெஸீம் சேர்.

முஸ்பிறா கையை எடுத்துட்டா. வாய்க்குள்ள பிஸ்மி சொன்னா. திரையில என்ன எழுத்து விழுதெண்டு உத்துப் பார்த்தா. பிறகு கீபோட்டை இங்கிலீசுக்கு மாத்தி, திரும்பக் கட்டளையை அடிச்சா. சேமிச்சு வெளியில வந்துட்டா.

"மாஷா அல்லாஹ்," எண்டார் ஜெஸீம் சேர். "இண்டையில இருந்து நீங்க நிரந்தரம். ஆரு படிப்பிச்ச?"

"ஆருமில்ல சேர். நானாப் படிச்சது."

அதைச் சொல்லக்க அவ நிமிர்ந்த நிமிர்வைப் பார்க்கணும். நான் பெத்த புள்ள மாதிரி எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கட்டிப் பிடிச்சு அழுதுட்டன்.

அழுது முடிய ஆத்திரம் வந்திச்சு. இண்டைக்கு நாலு வார்த்தை கேட்காம உடுறதில்ல எண்டு நளீர் சேரைத் தேடினன். கதிரையில ஆளில்ல. படிக்கட்டில, சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டுகொண்டு, லேஞ்சியால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு போன்ல கதைச்சுக்கொண்டிருந்தார்.

"ஓம் வாப்பா, இனி நீங்க கட்டாருக்குப் போகத் தேவல்ல. கூடப் பிறந்த காக்காட தயவுல வந்தவ எண்டு உங்கட மகளை நாளைக்கு ஒராளும் சொல்ல ஏலாது, தன்ட கையாலயே பாஸாயிட்டா."