குளிர்தேசத்துக் கோட்டு

"மைனஸ் இருபது தாங்குமா தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, கடைக்கு வெளியே தார் ரோடு இளகி, போவோர் வருவோர் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

துணிக்கடைக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மழைக்கோட்டு மூட்டையோடு தவறி வந்து சேர்ந்த அந்தக் குளிர்க்கோட்டு, மூன்று கோடைகளாக அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருவதாகப் பந்தயம் கட்டிய சலூன்காரர், பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்; முகத்தில் சோடா அடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒருமுறை அதன் கைக்குள் பூனை குட்டி போட்டது. வெக்கை தாங்காமல் மறுநாளே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொண்டது.

"மைனஸ் இருபதா? இதைப் போட்டுக்கிட்டு ஐஸ் மேல படுத்துத் தூங்கலாம்மா" என்றார் கடைக்காரர்.

அந்த அம்மாள் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். கை கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று உள்ளங்கை இரண்டையும் காட்டிவிட்டு, அப்புறம்தான் கோட்டைத் தொட்டாள். ஒரே பையனாம். வீட்டின் பின்பக்கத்து அறைகளை விற்று, மொத்தத்தையும் ஏஜென்ட் கையில் கொடுத்து, போன வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தாளாம்.

வெளிநாடு என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்காரர் மனசுக்குள் விலையை ஒரு படி ஏற்றிக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கேயே இதைவிட நல்லதா கிடைக்குமேம்மா?"

"கிடைக்கும். அவன் வாங்கணுமே. எனக்குப் பணம் அனுப்பணும்னு சட்டை மேல சட்டையா போட்டுக்கிட்டுத் திரியறான். ஒரு மாசமா இருமல் வேற."

போனில் பையனின் படத்தைக் காட்டினாள். வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுவானாம். அப்போது பிடித்து வைத்தது. பின்னால் ஒரே வெள்ளை. வாயிலிருந்து புகை. காது மூடிய தொப்பிக்குள் உதடு வெடித்த முகம்.

"அடேயப்பா, கன்னத்துல பாருங்க. பனி ஒட்டிக்கிட்டு எப்படி மின்னுது" என்று வியந்தார் கடைக்காரர்.

அந்த அம்மாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "ஆமா தம்பி, பனிதான்" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் பையனின் கன்னத்தைத் துடைத்தாள்.

பிறகு கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுத் தையல் தையலாக இழுத்துப் பார்த்தாள். நிறத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கழட்டி மாட்டுவது லேசாக இருக்குமா என்பதுதான் அவளுடைய கவலை.

"உள்ள போறப்போ போட்டுக்கணும், வெளிய வந்ததும் கழட்டணும். ஜிப்பு மாட்டிக்கக் கூடாது பாருங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "தலைகீழா சொல்றீங்கம்மா. அங்கெல்லாம் வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு வெச்சிருப்பான். வெளியதான் குளிர். வெளிய போறப்போதான் கோட்டு."

ஐஸை சோடா கிளாஸில் மட்டுமே பார்த்திருந்த அவர், பனிதேசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். பனி கொட்டினால் கோட்டோடு தைத்த குல்லாவை இப்படி இழுத்துவிட வேண்டும், காற்றடித்தால் கழுத்துப் பட்டனை இப்படி மாட்ட வேண்டும். அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றாள்.

மீன் மார்க்கெட்டில் இருப்பவள் பேரம் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தது கடைக்காரருக்கே உறுத்தியது. அந்த உறுத்தலைச் சரிக்கட்ட, ஒரு ஜோடிக் கையுறையை இலவசமாகத் தந்தார். பெட்டியில் போட்டு முகவரி எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான், கையுறையில் ஒன்று மேஜைமேலேயே கிடப்பதைப் பார்த்தார். மைனஸ் இருபதில் ஒரு கைக்கு மட்டும் உறை போட்டுக்கொண்டு பையன் என்ன செய்வான்? கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த தெருவில் கூரியர் ஆபீஸ். அங்கே அவள் வரவே இல்லை. பொட்டலத்தோடு ஓர் அம்மாள் மார்க்கெட்டுக்குப் பின்னால் போனதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் மீன் வைக்கும் குளிர்கிடங்கு இருக்கிறது. அதன் இரும்புக் கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை உருண்டு வந்து, வெயிலில் காணாமல் போனது. தோளில் சாக்கைப் போர்த்திய ஆட்கள், பெட்டிகளைச் சுமந்துகொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். வெளியே வந்தவர்களின் கையிலும் கழுத்திலும் மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டு மின்னின.

நின்றிருந்த லாரிக்குப் பின்னால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, அந்த அம்மாள் பொட்டலத்தைக் காவல்காரர் கையில் திணித்துக்கொண்டிருந்தாள். முதலாளி கொடுத்ததாகச் சொல்லிவிட வேண்டுமாம். கடைக்காரர் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டார்.

கதவுக்குள்ளிருந்து யாரோ நெஞ்சைப் பிளப்பது போல இருமினார்கள்.

"உங்க பையன் உள்ளதான்மா இருக்கான். கூப்பிடவா?" என்றார் காவல்காரர்.

அந்த அம்மாள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. அவன் வெளிநாட்டுல இருக்கான்."