நாலாவது ஷீட்டுக்குப் பேர் இல்லை

"மறுபடியும் ஷீட்4. இது என்ன பேரு நுர்சாத்?"

ஜார்லிக் அண்ணன் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். எங்கள் பால் சேகரிப்பு நிலையத்துக்கு அவர்தான் மேலாளர். டீ ஆறிப்போனால் பொறுப்பார், சம்பளம் தாமதமானால்கூடப் பொறுப்பார். ஷீட்டுக்குப் பேர் வைக்காமல் ரிப்போர்ட்டை எக்ஸெல்லில் இறக்கினால் மட்டும் மனுஷருக்குத் தாங்காது.

"பால் கொண்டு வர்றவங்களுக்கு ஆளுக்கொரு ஷீட். ஷீட்டுக்கு அவங்கவங்க பேர். பேர் மட்டும்தான், முன்னாடி பின்னாடி வால் எதுவும் ஒட்டக் கூடாது. இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"மத்ததுக்கெல்லாம் வச்சிட்டேனே அண்ணே."

"இதுக்கு?"

"அது... அவரோடது."

பக்கத்து மேசையில் இருந்த எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அவர்னா யாருடி? பேரே இல்லாத மகாராஜாவா?"

யாரென்று எங்களுக்குத் தெரியாதா என்ன. அவள் மாமனார் ஜுமகாசி. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள்? நான் என் மாமனாரைப் பேர் சொல்லியேதான் திட்டுகிறேன். இவளோ, ஜுமா என்றால் வெள்ளிக்கிழமை, அது அவர் பேரில் வருகிறதே என்று, வெள்ளிக்கிழமையைக்கூட 'வியாழனுக்கு மறுநாள்' என்பாள்.

"தலைநகரம் பிஷ்கெக்ல காலேஜ் படிச்சவ நீ. வாயால சொல்லாட்டிப் போகட்டும், டைப் பண்ண என்ன?" என்றேன்.

"வாயும் கையும் ஒரே ஆளோடதுதானே அக்கா."

ஜார்லிக் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரு. இந்த மாசம் யாரோட பால் முதல் தரமோ, அவங்களுக்கு பிஷ்கெக் தொழிற்சாலை குளிர்விக்கிற தொட்டி தருது. நாலாவது ஷீட் பால்தான் முதல்ல நிக்குது. ஆனா பேரில்லாத ஷீட்டை அவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வெயில் காலத்துல மலை மேய்ச்சல்லேர்ந்து இறக்குறதுக்குள்ள உங்க வீட்டுப் பால் பாதி திரிஞ்சு போகுதா இல்லையா?"

"போகுது."

"தொட்டி வேணுமா வேண்டாமா?"

"வேணும் அண்ணே."

"அப்ப அடி. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

நுர்சாத் விசைப்பலகையில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று.

"தள்ளு, நான் அடிக்கிறேன்."

"பெர்மெட், நீ கை வைக்காதே. இன்னிக்கு நீ அடிப்பே, அடுத்த மாசம் நீ லீவு போட்டா? அவ வேலையை அவதான் செய்யணும்," என்று தடுத்தார் ஜார்லிக் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பால் கேன் உருளும் சத்தம். ஜுமகாசிக் கிழவரே உள்ளே வந்தார், தலையில் வெள்ளைத் தொப்பியோடு.

"வாங்க பெரியவரே, உங்களாலதான் இங்க வேலை நிக்குது," என்று ஆரம்பித்தார் ஜார்லிக் அண்ணன். "எந்தக் காலத்துல இருக்கீங்க? உங்க பேரை டைப் அடிக்கக்கூட இவ நடுங்குறா. மருமகளை இப்படியா அடக்கி வைக்கிறது?"

நானும் விடவில்லை. "வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, இதுல இந்தக் கெடுபிடி வேறயா?"

கிழவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நானா அடக்கினேன்? ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன என் மகன் அங்கயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டேனே. இனி உனக்கு எந்தக் கட்டும் இல்ல தாயி, என் பேரைத் தாராளமாச் சொல்லுன்னு. அதுக்கு முன்னாடியாவது எப்பவாவது வாய் தவறிச் சொல்லுவா. அதுக்கப்புறம்தான் இவ்வளவு கறாரு."

அவன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்ட விஷயமே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏம்மா?" என்றார் ஜார்லிக் அண்ணன், குரலைத் தணித்து.

நுர்சாத் திரையைப் பார்த்தே பேசினாள்.

"பேரைச் சொல்லிட்டா அப்புறம் நான் அந்த வீட்டுக்கு யாரு அண்ணே? கட்டினவர் விட்டுட்டுப் போயிட்டார். இந்த வழக்கம் ஒண்ணுதான் என்னை இன்னும் அந்த வீட்டு மருமகளா வச்சிருக்கு."

என் வாயில் யாராவது மாவை அள்ளி அடைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

கிழவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருமகதானே மாமனார் பேரைச் சொல்லக் கூடாது?"

"ஆமா."

"மக சொல்லலாமே. நான் பெத்தது ரெண்டும் ஊரெல்லாம் என் பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் திரியுதுங்க. நீயும் சொல்லு. என் மகளை என் வீட்டுல யாருன்னு எவன் கேப்பான்?"

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு முந்தானை மாதிரி தொங்கிய தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அவள் வாயால் அந்தப் பேரை நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

ஜார்லிக் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் பேர் இல்லை. 'ஜுமகாசி அப்பா' என்று இருந்தது.

போச்சு, என்று நினைத்தேன். பேரில் ஒரு எழுத்து கூடினாலும் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கிற மனுஷர் ஆயிற்றே.

"இப்பதான் பேரு தெளிவா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே பிஷ்கெக்குக்கு அனுப்பினார்.