பள்ளிக்கூடம் நிறைந்த நாள்

“நகத்தையும் தேய்ச்சுக் கழுவுங்கடா! வர்றது துரை, உங்க மாமன் இல்ல!”

செல்லப்பன் வாத்தியார் தண்ணீர்த் தொட்டியருகே நின்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அத்தாப்புக் கூரை போட்ட கொட்டகைதான் பள்ளிக்கூடம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியாயிற்று. அடுத்து மூடப்போவது பள்ளிக்கூடம்தான் என்று தோட்டமே பேசிக்கொண்டது.

“துரை நாளைக்கு வர்றாரு, எத்தனை புள்ளைங்க இருக்குன்னு பார்க்கணுமாம்” என்று நேற்று லெட்சுமணன் கங்காணி சொன்னதிலிருந்து வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகை நிறைந்திருந்தால் மூட மனம் வருமா? லயத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார்.

ராஜம்மா மட்டும் மசியவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகள் சந்திரமதியை வீட்டோடு நிறுத்தி வைத்திருந்தாள்.

“துரை கண்ணுல எம்புள்ள படவே வேணாம் வாத்தியாரே.”

“அட, பள்ளிக்கூடமே போயிடும்மா! படிச்சா அவளாவது காட்டு வேலைக்குப் போகாம இருப்பா. நான் பொறுப்பு.”

“உங்கள நம்பித்தான் அனுப்புறேன்” என்றாள் ராஜம்மா.

விடிகாலைப் பெரட்டில் வழக்கம்போல் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு விரட்டிவிட்டு, துரையோடு வந்து சேர்ந்தார் கங்காணி. சிலேட்டைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் துரை. நல்லவேளை கழுவச் சொன்னோம் என்று வாத்தியார் பூரித்துப்போனார்.

அப்புறம் கங்காணி, வாத்தியாரிடமே சுண்ணாம்புக்கட்டி வாங்கி, தூணில் ஒரு கோடு கிழித்தார். தலை கோட்டைத் தொட்டவர்கள் ஒரு பக்கம், தொடாதவர்கள் மறு பக்கம். பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு என்று பிரிக்கிறார்களா? அப்படியானால் இன்னொரு வாத்தியாரும் வருவாரே! செல்லப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

சந்திரமதி கோட்டுக்கு ஒரு விரற்கடை குறைச்சல். வாத்தியாருக்குச் சும்மா நிற்க முடிந்தால்தானே! குதிகாலைத் தூக்கு என்று ஜாடை காட்டினார். அவளும் எக்கி நின்றாள், துரை தலையசைத்தார். பெரியவர்கள் பக்கம் ஓடிப்போய் நின்று, அவள் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

கங்காணியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் துரை காரில் ஏறினார். வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னங்க சொன்னாரு? பள்ளிக்கூடம் தப்பிச்சுதா?”

கங்காணி மடியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“பூட்டிட்டு வாங்க வாத்தியாரே. கோட்டைத் தொட்டதுங்க எல்லாம் நாளைலேருந்து புல்லு வெட்டப் போவுது. பெரட்டுல பேர் கூப்பிடுறது நீங்கதான்.”