சாப்பாட்டு ராமன்

"வந்துட்டான் சாப்பாட்டு ராமன்!"

வாசல் மணி அடித்ததுமே அம்மா முணுமுணுத்தாள்.

மூன்று வாரமாக இதே கதைதான். மத்தியானம் தட்டு வைக்கும் நேரத்துக்கு மகனின் சிநேகிதன் வந்து நிற்பான். சாப்பிட்டாலும் கிளம்ப மாட்டான். மகனை உட்கார வைத்துச் சீட்டு போடுவான். மகன் எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

"உட்காருடா, ஆட்டம் முடியல!"

சரியாக ஒரு மணி நேரம் ஆனதும், சாவி கொடுத்த பொம்மை மாதிரி எழுந்து போய்விடுவான்.

"என்னதாங்க சங்கதி?" அம்மாவுக்கு மண்டை குடைந்தது.

"அவங்க வீட்டு அடுப்பு ரிப்பேரா இருக்கும்," என்றார் அப்பா.

"ஒருவேளை நம்ம சின்னவளைப் பார்க்க..."

"அவ இந்நேரம் ஆபீஸ்ல இருக்கா. இங்க யாரைப் பார்ப்பான், உன்னையா?"

பொறுக்க முடியாமல் அம்மா அவனிடமே கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, உங்க வீட்ல சோறு போட மாட்டாங்களா?"

"உங்க கை ருசி வராதும்மா," என்று சிரித்து மழுப்பினான்.

அவன் போனதும் மகனிடம் சொன்னாள்: "நீயும் அவனை மாதிரி ஊதிடாதே ராசா. இப்பதான் லட்சணமா இருக்கே."

மகன் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டான்.

மறுநாள் மகனுக்குப் பன்னிரண்டு மணிக்கே தட்டு வைத்தாள். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெற்ற வயிறு குளிர்ந்தது.

வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது. அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவன் அப்பவே சாப்பிட்டுட்டாம்ப்பா."

அவன் முகம் மாறியது. "எப்பம்மா?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"இப்ப எங்க இருக்கான்?"

"பாத்ரூம்ல. குழாய் ஓடுற சத்தம் கேக்கலையா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். கதவைத் தட்டினான்.

"டேய், நான்தான். திறடா!"

குழாய் நின்றது. உள்ளே ஓங்கரிக்கும் சத்தம், பிறகு அழுகை.

"கடவுளே! என்னப்பா ஆச்சு?"

"குண்டாயிடுவோம்னு பயந்து, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துடுறாம்மா. ரொம்ப நாளா. இது ஒரு நோய்னு டாக்டர் சொல்லிட்டார். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தனியா விடாதேன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்போ நீ சாப்பிட வரலையா?"

"எங்க வீட்ல சாப்பிட்டுட்டுத்தாம்மா தினமும் வர்றேன்."