பாய்மரத்தடி வேலை

ஆறு கயிறுகளையும் பாய்மரத்தின் அடியிலிருந்து பின்பக்கம் கொண்டுவந்து, என் கைக்கு எட்டும் இடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார் மேஸ்திரி.

இனி சுக்கானை விட்டு நகராமலே பாயை ஏற்றலாம், இறக்கலாம், காற்று மிஞ்சினால் சுருக்கலாம். ஆடுகிற படகில் யாரும் முன்னால் போய் நிற்க வேண்டாம்.

யாரும் என்றால் என் மனைவி.

பதினான்கு வருடங்களாக அந்த வேலையை அவள்தான் செய்தாள். நான் சுக்கானில் இருப்பேன். அவள் பாய்மரத்தடிக்குப் போவாள். இரண்டு நிமிட வேலைக்குக் கால் மணி நேரம் ஆகும். என்ன ஆச்சு என்று கத்துவேன்.

"கப்பி இறுகிக்கிச்சு," என்பாள், திரும்பாமலே.

பதினோரு மீட்டர் படகு. அதில் வருடத்துக்கு நான்கு மாதம் நாங்கள் இருவர் மட்டும். எங்கே உட்கார்ந்தாலும் முழங்கால் இடிக்கும். நான் வாய் ஓயாதவன் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

அவளுக்குத் தெரியாமல்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தேன். இன்று காலை படகில் ஏறியவள், கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

சந்தோஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி பையிலிருந்து ஒரு பழைய கப்பியை எடுத்து விரலால் சுண்டினார். அது சுற்றியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் சுற்றியது.

"எண்ணெய் போட்டு, துடைச்சு, கைக்குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க. இதைப் போய் எதுக்கு சார் கழட்டச் சொன்னீங்க?"

நான் ஒருநாளும் எண்ணெய் போட்டதில்லை.

அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அந்தச் செருப்புக்கு வார் கிடையாது.

கேட்பதற்கு என்னிடம் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. பக்கத்துப் படகில் யாரோ தளத்தைக் கழுவத் தொடங்கி, கழுவி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"ஒரு கயித்த மட்டும் பழையபடி பாய்மரத்தடியிலயே விட்டுடுங்க," என்றேன்.

"அப்ப யாராவது முன்னாடி போகணுமே சார்."

"போகட்டும்."

"எந்தக் கயிறு?"

எனக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தேன்.

"எதுக்கு ரொம்ப நேரம் பிடிக்குமோ, அது," என்றாள் மனைவி.