பதினேழாவது ஆள்

ரப்பர் பந்தை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

இரத்த வங்கியின் சாய்வு நாற்காலி அவருக்குச் சற்றுக் குறுகல்.

பக்கத்தில் இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அவருடைய வலது கையிலிருந்து மெல்லிய குழாய் வழியாக இரத்தம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

ஈரோட்டில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். தெளிய விட்டால் கசடு கீழே, எண்ணெய் மேலே. நாற்பது வருடமாகப் பார்ப்பது. அதனால் இயந்திரம் உடனே பிடிபட்டது.

சுற்றுகிற வேகத்தில் கனமான சிவப்பு ஓரத்துக்குப் போகிறது. நீர் உள்ளே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு படலம். அதை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கே திருப்பித் தந்துவிடுகிறது.

அந்தப் படலம்தான் பிளேட்லெட் என்கிற தட்டணு.

உடம்பில் எங்கே கீறல் விழுந்தாலும் ஓடி வந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டையை அடைப்பது அதன் வேலை.

மூன்றாவது மாடியில் ஒரு சிறுமிக்கு அது தீர்ந்துபோயிருந்தது. புற்றுநோய் மருந்து நோயோடு சேர்த்து அதையும் அழித்திருந்தது. விடிந்ததிலிருந்து மூக்கில் இரத்தம் நிற்கவில்லை. மூன்று மணிக்குள் ஒரு பை வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆறு வயது. பதினாறு கிலோ.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. கொடுப்பவருக்குக் குழந்தையின் பெயர் தெரியக் கூடாது. குடும்பத்துக்குக் கொடுப்பவரின் பெயர் தெரியக் கூடாது. அவர் இருந்த நற்பணிச் சங்கத்தின் விதி அது. யாரும் யார் முன்னாலும் கைகூப்பி நிற்க வேண்டாம் என்பதற்காக.

தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. சேர்த்து வைக்க முடியாது.

அதனால் சங்கம் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தது.

அந்தச் சிறுமியின் இரத்த வகையில் பதினேழு பேர்.

நேற்று ஞாயிறு. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி ஊருக்குச் சொல்ல, சங்கம் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியது. பதினேழில் பதினாறு பேர் ஆரஞ்சு நிறப் பனியனில் ஓடினார்கள்.

அவரை மட்டும் செயலாளர் பூபதி தடுத்துவிட்டான்.

"நீங்க ஓடுனா ரோடு தாங்காதுங்கண்ணா. மோர்ப் பந்தல்ல உக்காந்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வாங்கி வைத்திருந்த புது ஷூவைக் காரிலிருந்து எடுக்கவே இல்லை.

இன்று காலை பூபதி பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான். எல்லோரிடமும் ஒரே பதில். கால் நோவு. ராத்திரியே மாத்திரை போட்டாயிற்று.

பூபதியும் போட்டிருந்தான்.

வலி மாத்திரை தட்டணுவைக் கொல்லாது. ஒட்டும் குணத்தை எடுத்துவிடும். எண்ணிப் பார்த்தால் இருக்கும். ஓட்டையை அடைக்காது. இரண்டு மூன்று நாளைக்கு அப்படித்தான்.

கடைசியில் பதினேழாவது எண். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அழைக்கத் தேவைப்படாத எண்.

இப்போது அவருடைய உதடு குறுகுறுத்தது. ஏன் என்று கேட்டார். குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து, உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்றாள் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஷகிலா. சப்பிச் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தாள்.

"மணி ஒண்ணரை ஆச்சே. மூணுக்குள்ள முடியுமாம்மா?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகுமுங்க. உங்களுக்கு உடம்பு பெருசு, ரத்தமும் ஜாஸ்தி. இன்னும் அரை மணியில ஆயிருமுங்க."

கதவருகே காலை மடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்த பூபதி தரையைப் பார்த்தான்.

"அண்ணா, நேத்து நான் ஒரு வார்த்த..."

"குறுக்க பேசாதடா. மெஷின் சுத்துது."

பந்தை அழுத்தினார். விட்டார்.

இரண்டு மணிக்குப் பை நிறைந்தது. புதிதாக ஆட்டிய கடலை எண்ணெயின் நிறம். ஷகிலாவை ஒரு நிமிடம் நிறுத்தி, ஆலையில் செய்வதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்.

கலங்கல் இல்லை. கசடு இல்லை.

நல்ல சரக்கு.

பை மேலே போனது. பூபதி பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனான். அவருக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. டீ ஆறியது.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு பூபதி திரும்பி வந்தான்.

"மூக்குல வெச்ச பஞ்ச எடுத்துட்டாங்கண்ணா. ரத்தம் நின்னுபோச்சு. பசிக்குதுங்குதாமா."

அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

பிறகு பட்டியலை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது. "அடுத்த வருட ஓட்டம்" என்று எழுதி அடிக்கோடு இட்டார். அதன் கீழே, "ஓடக் கூடாதவர்கள்."

எண் ஒன்று என்று போட்டு, தன் பெயரை இனிஷியலோடு பெரிதாக எழுதினார்.

பேனாவை மூடி, பூபதியின் காலைப் பார்த்தார்.

"கார்ல புது ஷூ ஒண்ணு கெடக்குது. உனக்கு எட்டாம் நம்பர்தானடா?"